ஒற்றைப்படை பெட்டிக்கு, இரட்டைப்படை மடிக்கு

மேனேஜர் வழுக்கைத் தலையைத் தடவினால் கெட்ட செய்தி என்று அர்த்தம். அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அவர் இரண்டு கையாலும் தடவினார்.

"இந்த ரூமை மூடப் போறோம்மா," என்றார்.

இந்த ரூம் என்றால் பஸ் கம்பெனியின் மாடியில் இருக்கும் டைம்டேபிள் அறை. ஊருக்குள் ஓடும் இருபத்திரண்டு பஸ்களும் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற இடம். தீர்மானிப்பது ஒரே ஒரு ஆள். டிரைவரிலிருந்து டயர் மாற்றுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் 'டைம்டேபிள் அக்கா'. மேனேஜரே இரண்டு முறை வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டு அசடு வழிந்திருக்கிறார். அவருக்கு அவளைவிடப் பதினெட்டு வயது அதிகம்.

"மூடிட்டு?" என்றாள் அக்கா.

"நீங்க வீட்ல இருந்தே போடலாம். கம்ப்யூட்டர்ல. கம்பெனியே வாங்கித் தருது. எந்த வகை வேணும்னு மட்டும் நீங்க சொல்லிடுங்க. அதுல எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசி மாட்டிக்கவும் மாட்டேன்."

"எப்ப சொல்லணும் சார்?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள்ள." மூன்றாவது தடவல். "கூடவே ஒரு டைம்டேபிளும் அனுப்பணும். ஆத்துப் பாலத்துல பாதியை அடைச்சுட்டு ரிப்பேர் பண்றாங்க. வர்ற திங்கட்கிழமையிலேர்ந்து ஒரு பஸ் அகலம்தான் வழி. அதுக்குத் தோதா புதுசா போடணும். யார்கிட்டயாவது மிஷினைக் கடன் வாங்கி வீட்டுல வெச்சு போட்டுக் காட்டுங்க. முதலாளிக்கு ஒரு நம்பிக்கை வரணுமில்ல?"

"வரலேன்னா?"

மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "வெளியூர்ல ஒரு கம்பெனி இந்த வேலையைச் செஞ்சு தர்றேங்குதாம். உங்களைக் கீழே மாத்திடுவாங்க. தொலைஞ்ச சாமான் கவுண்டருக்கு."

அந்தக் கவுண்டர் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. பஸ்ஸில் விட்டுவிட்டுப் போன குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட். பல்செட்டைத் தேடி இரண்டு வருஷமாக யாரும் வரவில்லை. அந்தப் பல்செட்டுக்கு எதிரே உட்கார்ந்து மீதி வருஷங்களைக் கழிப்பதாகக் கற்பனை செய்து பார்த்தாள் அக்கா.

நாலு நாள். ஒரு டைம்டேபிள். ஒரு கம்ப்யூட்டர். தவறினால் பல்செட்.

அக்காவின் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் ஐந்தாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர். சாலையில் கெட்டிக்காரர். ஆனால் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது. திங்கட்கிழமை சாயங்காலம் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் அது இரண்டு குடும்பங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு வாசல் மணி அடித்தது. யாரோ அதைத் தொடர்ந்தாற்போல் இன்னொரு முறை அடித்தார்கள். இரண்டும் வேறு வேறு விரல்கள் என்பது அக்காவுக்குக் கதவைத் திறப்பதற்கு முன்பே புரிந்துவிட்டது.

வாசலில் இரண்டு பேர். ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒருவர் நாத்தனாரின் கணவர். முறைப்படி அவளுக்கு அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். நட்டும் போல்ட்டும் உள்ள எதையும் கழற்றாமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. தன் கையாலேயே பாகங்கள் வாங்கி மாட்டிய மேஜைக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். திரை தனியாக, விசைப்பலகை தனியாகக் காலடியில் கிடந்தன.

இன்னொருவன் அவளுடைய சொந்தத் தம்பி. மூக்குக் கண்ணாடி லென்ஸ் கம்பெனியின் விற்பனையாளன். மாதத்தில் இருபது நாள் ரயிலிலும் லாட்ஜிலும் இருப்பவன். அவன் கையில் ஒரு மெல்லிய லேப்டாப். இரண்டு விரலால் பிடித்திருந்தான், எத்தனை லேசு என்று ஊர் பார்க்கட்டும் என்று.

"என்ன தம்பி, சிலேட்டோட வந்திருக்கே? ஸ்கூல்ல மறுபடி சேர்த்துட்டாங்களா?" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்து.

"வீடு மாத்துறீங்களாண்ணே? பீரோவைக் கையோட எடுத்துட்டு வந்துட்டீங்க?" என்றான் தம்பி, கதவைப் பார்த்து.

இந்தச் சண்டைக்குப் பத்து வயது ஆகிறது. குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் இந்த இரண்டு பேரையும் வேறு வேறு வரிசையில் உட்கார வைப்பது வழக்கம். அண்ணன் பெட்டிக் கட்சி. தம்பி மடிக் கட்சி. கட்சிக்கு ஒரே ஒரு உறுப்பினர்தான், தலைவரும் அவரே. இன்றைக்கு முதல் முறையாக ஒரு ஓட்டு கிடைக்கப் போகிறது. அக்காவின் ஓட்டு.

ஹாலில் சாப்பாட்டு மேஜையின் இந்த முனையில் பெட்டி. அந்த முனையில் மடி. நடுவில் அக்கா.

"இதோ பாரும்மா," என்று ஆரம்பித்தார் அண்ணன். "பெரிய திரை. கண்ணு கெடாது. ஏதாவது ரிப்பேர்னா நானே வந்து பத்து நிமிஷத்துல கழட்டி மாட்டிடுவேன். அதுல ஏதாவது போச்சுன்னா?"

"இது போகாது," என்றான் தம்பி.

"கல்யாணத்தன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க."

"அக்கா, நீ சொல்லு. இதை மடியில வெச்சுக்கலாம், கட்டில்ல வெச்சுக்கலாம், ஊரெல்லாம் தூக்கிட்டுப் போகலாம்."

"வீட்ல இருந்து வேலை பாருன்னு சொல்லியிருக்காங்க. ஊரெல்லாம் எதுக்குப்பா போகணும்?" என்றார் அண்ணன்.

அக்காவிடம் ஒரு பலவீனம் உண்டு. யார் முகமும் கோணுவதை அவளால் பார்க்க முடியாது. அன்றைக்கு டீயோடு இரண்டு தட்டில் பிஸ்கட் வைத்தாள். தட்டுக்கு நாலு. அண்ணன் தட்டில் ஒன்று உடைந்திருந்தது. உடனே தம்பி தட்டிலும் ஒன்றை எடுத்து உடைத்து வைத்தாள். அப்படிப்பட்ட பெண் ஒரு மிஷினைத் தேர்ந்தெடுத்து இன்னொன்றைத் திருப்பி அனுப்புவதா?

"முதல்ல என்னுதுல போட்டுப் பாரும்மா," என்றார் அண்ணன்.

"ஏன், முதல்ல என்னுதுல போட்டா ஆகாதா?" என்றான் தம்பி.

இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள் அக்கா. நாத்தனார் வீட்டு மரியாதை ஒரு பக்கம். பிறந்த வீட்டுப் பாசம் இன்னொரு பக்கம். கழுத்து வலித்தது.

"ரெண்டுலயும் போடறேன்," என்றாள். "சரிபாதி. ஒற்றைப்படை நம்பர் பஸ்ஸெல்லாம் பெட்டியில. இரட்டைப்படையெல்லாம் மடியில. பதினொண்ணு, பதினொண்ணு. போதுமா?"

இருவர் முகமும் ஒரே அளவுக்கு மலர்ந்தது. அக்காவுக்கு மனசு லேசானது.

உலகத்தில் எந்த டைம்டேபிள்காரரும் செய்யாத காரியத்தைத் தான் அப்போது செய்துவிட்டதை அவள் உணரவேயில்லை.

வியாழக்கிழமை முழுவதும் வேலை ஜரூராக நடந்தது. காலையில் பெட்டி. விசைப்பலகை டக்டக்கென்று சத்தம் போட்டது. அண்ணன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சத்தம் கேட்டாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்," என்றார். மதியம் மடி. தம்பி அதற்கென்று ஒரு சாய்வுப் பலகையும், அக்காவின் முதுகுக்கு ஒரு தலையணையும் கொண்டு வந்திருந்தான். "நிமிர்ந்து உட்காருக்கா. முழங்கை தொண்ணூறு டிகிரி."

நாலு நிமிடத்துக்கு ஒரு முறை எதிரி மிஷினைப் பற்றி ஒரு குத்தல். அதற்குப் பதில் குத்தல். அண்ணன் ஒன்று சொன்னால் தம்பி இரண்டு சொன்னான். தம்பி இரண்டு சொன்னால் அண்ணன் லிஃப்ட் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற குரலில் நாலு சொன்னார். வெள்ளிக்கிழமை காலை அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. அப்போதும் விடவில்லை. சைகையில் வாதாடினார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு இருபதுக்கு இரண்டு பாதியும் முடிந்தன. பாலத்தைக் கடக்க ஒரு பஸ்ஸுக்கு ஆறு நிமிடம். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று அளந்து விட்டிருந்தாள் அக்கா. எதிர்ப்பக்கத்து பஸ் இறங்கின பிறகுதான் இந்தப் பக்கத்து பஸ் ஏறும். பெட்டியில் பார்த்தாலும் பிசகு இல்லை. மடியில் பார்த்தாலும் பிசகு இல்லை. நாலு மணிக்கு அனுப்ப வேண்டியதை ஒரு மணிக்கே அனுப்பிவிடலாம்.

பன்னிரண்டு நாற்பதுக்கு வீட்டுக்காரர் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தார். சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போட்டுவிட்டு ஹாலுக்கு வந்தார்.

"என் டூட்டி எப்படி இருக்குன்னு பார்க்கலாமா?"

பெட்டியின் பெரிய திரையில் ஐந்தாம் நம்பரைத் தேடிப் படித்தார். தலையாட்டினார். அப்புறம் மேஜையைச் சுற்றி மடிப் பக்கம் போனார். எட்டாம் நம்பர் ஓட்டுவது அவருடைய உயிர் நண்பர். கம்பெனியில் எல்லாரும் 'மீசை' என்று கூப்பிடுவார்கள். "அவனும் கேட்டான். பார்த்துச் சொல்றேன்னேன்," என்று குனிந்து படித்தார்.

சட்டென்று முகம் பூரித்தது.

"அடடா! இத்தனை வருஷத்துல நானும் அவனும் ரோட்டுல ஒருத்தரையொருத்தர் பார்த்ததே இல்லை. இனிமே தினம் காலையில எட்டு பத்துக்குப் பார்த்துக் கை காட்டிக்கலாம்!"

"எங்கே?" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

"பாலத்து மேல. நான் இந்தப் பக்கத்திலேர்ந்து ஏறுறேன், அவன் அந்தப் பக்கத்திலேர்ந்து..."

வாக்கியம் பாதியில் நின்றது. அக்காவின் சிரிப்பு அதற்கு முன்பே நின்றிருந்தது.

ஒரு பஸ் அகலப் பாலம். எட்டு பத்து. இந்தப் பக்கத்திலிருந்து ஐந்தாம் நம்பர். அந்தப் பக்கத்திலிருந்து எட்டாம் நம்பர்.

அக்கா பெட்டிக்கு ஓடினாள். எட்டு இருபது, ஏழாம் நம்பர். மடிக்கு ஓடினாள். எட்டு இருபது, பத்தாம் நம்பர். எட்டு முப்பது. எட்டு நாற்பது. ஒன்று விடாமல், காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, பாலத்தின் நடுவே இரண்டு பஸ்கள் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. இரண்டு பாதிகளும் தனித்தனியாக முத்து. சேர்த்து வைத்தால் ஊரே ஸ்தம்பித்துவிடும்.

பிஸ்கட்டை உடைத்த மாதிரி ஊரை உடைத்து இரண்டு தட்டில் வைத்திருக்கிறாள்!

"ஒண்ணும் பதறாதேக்கா," என்றான் தம்பி. "பெட்டியில இருக்கறதை என் மிஷினுக்கு மாத்திடுவோம். ஒரே இடத்துல பார்த்துத் திருத்திடலாம்."

அண்ணன் காற்றுக் குரலில் சீறினார். "ஏன்? அதுல இருக்கறது இங்க வரட்டும்."

"சின்னதுலேர்ந்து பெருசுக்கா? பெருசுலேர்ந்து சின்னதுக்கா? எது சுலபம்னு நீங்களே..."

"எது நியாயம்னு கேளு!"

மாற்றியும் பார்த்தார்கள். அண்ணன் தன் பெட்டியில் போட்டிருந்தது அவரே எங்கிருந்தோ தேடிப் பிடித்த ஒரு பழைய புரோகிராம். அதிலிருந்து மடிக்குப் போன கட்டங்கள் எல்லாம் இடம் மாறி, காலை ஆறு மணி பஸ் இரவு ஒன்பது மணி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. மடியிலிருந்து பெட்டிக்கு வந்ததோ வெறும் கேள்விக்குறிகளாக வந்து விழுந்தது.

"உங்க மிஷினுக்குப் படிக்கத் தெரியலை!"

"உன்னுதுக்கு எழுதத் தெரியலை!"

மணி ஒன்று பத்து.

"போதும்!"

குரல் யாருடையது என்று வீட்டுக்காரர் முதலில் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அக்கா கத்தி அவர் கேட்டதில்லை.

"இன்னும் மூணு மணி நேரம்கூட இல்லை. என் வேலை போகப் போகுது. நீங்க ரெண்டு பேரும் எது பெருசுன்னு பேசிட்டிருக்கீங்க. பெட்டியில இருக்கற பதினொரு பஸ்ஸையும் யாராவது சத்தமா படிங்க. நான் கேட்டுக் கேட்டு இதுல போட்டுக்கறேன்."

அண்ணன் மார்பைத் தட்டி முன்வந்தார். வாயைத் திறந்தார். காற்று வந்தது.

"தம்பி, நீ போய்ப் படி," என்றாள் அக்கா.

"நானா? அந்தப் பெட்டி முன்னாடி நானா?"

"பல்செட் முன்னாடி நான் உட்காரணுமா?"

தம்பி போய் உட்கார்ந்தான். மருந்து குடிக்கிற முகத்தோடு ஐந்தாம் நம்பரைப் படிக்க ஆரம்பித்தான்.

அக்கா தலையணையை உருவி வீசினாள். சாய்வுப் பலகையைத் தள்ளினாள். லேப்டாப்பை இடது கையில் ஏந்தி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொண்டு, நடக்கத் தொடங்கினாள். ஹாலிலிருந்து பின்கட்டு வரை போகும் ஒடுக்கமான நடையில் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். வலது கை நேரங்களைத் தட்டிக்கொண்டே இருந்தது. வாய் முணுமுணுத்தது. "ஏழு ஐம்பது மார்க்கெட்... எட்டு பத்து பாலம்... எட்டு பதினாறு இறக்கம்..."

இருபது வருஷமாக மாடி அறையில் அவள் வேலை பார்த்த விதம் இதுதான். சுவரில் ஒட்டிய சார்ட்டை ஒட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். ஐந்தாம் நம்பராகப் போய் எட்டாம் நம்பராகத் திரும்புவாள். கால் நடந்தால்தான் அவள் தலைக்குள் பஸ் ஓடும். இரண்டு நாளாக அவளை இரண்டு பேரும் நாற்காலியில் கட்டிப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்த இடத்தில் பார்த்ததெல்லாம் எண்கள்தான். பஸ்களைப் பார்க்கவில்லை.

ஒன்று ஐம்பதுக்குத் திரையின் மூலையில் சிவப்பு விளக்கு மின்னியது.

"தம்பி! இது என்ன சிவப்பா?"

"ஐயோ, பேட்டரிக்கா! காலையிலேர்ந்து சார்ஜ் போடவே இல்லை. சுவர்ல சொருகிட்டு உட்கார்ந்துக்கோ!"

"உட்கார மாட்டேன்!"

அந்த நெருக்கடியில் அண்ணன் எழுந்தார். பேசவில்லை, பேசவும் முடியாது. தன் கருவிப் பையிலிருந்து நீண்ட வயர் சுருளை எடுத்தார். ஹால் சுவரில் சொருகினார். இன்னொரு முனையில் எதிரி மிஷினின் சார்ஜரை மாட்டி, அதைக் கையில் ஏந்திக்கொண்டு அக்காவின் பின்னாலேயே நடந்தார். அக்கா போனால் போனார். வயர் காலில் சிக்காமல் தூக்கித் தூக்கிப் பிடித்தார். ராணியின் பட்டாடையை ஏந்திப் போகிற தோழி மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தார்.

"பதினேழாம் நம்பர், ஒன்பது முப்பது பாலம்," என்று படித்த தம்பி, தன்னை மறந்து, "எழுத்து என்னவோ நல்லாத்தான் தெரியுது," என்றான். அண்ணன் நடையிலிருந்தே தலையை நிமிர்த்திக்கொண்டார்.

இரண்டு பத்துக்குப் பதினொரு பஸ்ஸும் மடிக்குள் வந்துவிட்டன. ஆனால் மோதல் தீரவில்லை. எல்லா இரட்டைப்படை பஸ்ஸையும் ஐந்து நிமிடம் தள்ளலாமா? முடியாது, பாலம் கடக்கவே ஆறு நிமிடம். பதினொரு பஸ்ஸை மில் ரோடு வழியாகச் சுற்றி விடலாமா? அரை மணி நேரம் கூடும், ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள். அக்கா வேகமாக நடந்தாள். இன்னும் வேகமாக. பின்கட்டுச் சுவரைத் தொட்டதும் விருட்டென்று திரும்பினாள்.

எதிரே அண்ணன்.

நடையின் அகலம் ஓர் ஆள். இந்தப் பக்கம் அக்கா, லேப்டாப்போடு. அந்தப் பக்கம் அண்ணன், வயரோடு. அக்கா வலது பக்கம் ஒதுங்கினாள், அண்ணனும் அதே பக்கம் ஒதுங்கினார். இடது பக்கம் வந்தாள், அவரும் வந்தார். மூக்கோடு மூக்கு. யாரும் நகர முடியவில்லை.

"அண்ணா, நீங்க திரும்பி முன்னாடி போங்க. நான் பின்னாடி வர்றேன்."

அண்ணன் திரும்பினார். நடந்தார். அக்கா பின்னால் போனாள். இரண்டு பேர் போனார்கள், இடைஞ்சலே இல்லை. ஒரே நடை, ஒரே நேரம், ஒருவர் பின்னால் ஒருவர்.

அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா! நில்லுங்க. இல்ல, நிக்காதீங்க, போய்ட்டே இருங்க!"

அண்ணன் பயந்து போய் வேகமாக நடந்தார்.

"இரட்டைப்படை பஸ்ஸெல்லாம் காலையில எதிர்க்கோடியிலேர்ந்து ஏன் புறப்படணும்? இந்தக் கோடியிலேர்ந்தே புறப்படட்டும்! எட்டு பத்துக்கு அஞ்சாம் நம்பர் பாலத்துல ஏறட்டும், அது பின்னாடியே எட்டாம் நம்பரும் ஏறட்டும். ரெண்டும் ஒரே திசை. ஜோடி ஜோடியா! எதிர்ல வர்றதும் ஜோடி ஜோடியா!"

சமையலறையிலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. "அப்ப நான் மீசையைப் பார்க்க முடியாதா?"

"கண்ணாடியில பார்த்துக்கோங்க!"

அதற்குப் பிறகு நடந்ததை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். பதினொரு பஸ்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். தம்பி பெட்டியில் ஒற்றைப்படையைப் படித்தான். அக்கா நடந்துகொண்டே இரட்டைப்படையை அதன் பின்னால் கோத்தாள். அண்ணன் வயரோடு வந்தார். பதினாலாம் நம்பர் கடைசி டிரிப்பில் ஊரின் தப்பான கோடியில் போய் நின்றது. அந்த டிரைவர் வீட்டுக்கு நடந்துதான் போகவேண்டி வரும். "அவருக்கு முழங்கால் வலி," என்று முணுமுணுத்து, இருபதாம் நம்பரோடு டிரிப்பை மாற்றிப் போட்டாள் அக்கா. மூன்று பத்து. மூன்று முப்பது. காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை, ஒரு முறை முழுசாக நடந்து பார்த்தாள். எந்த இடத்திலும் எதிரே யாரும் வரவில்லை.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மேனேஜருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைத் திறந்தாள். டைம்டேபிளைச் சேர்த்தாள். அதன் கீழே ஒரு வரி பாக்கி இருந்தது. மேனேஜரே எழுதி வைத்திருந்த வரி.

'எனக்கு வேண்டிய கம்ப்யூட்டர் வகை:'

முக்காற்புள்ளிக்குப் பக்கத்தில் கோடு மின்னி மின்னிக் காத்திருந்தது.

அண்ணன் வயரைக் கீழே வைத்துவிட்டுத் தன் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். தம்பி எழுந்து மடிப் பக்கம் வந்து நின்றான். மூன்று ஐம்பத்தைந்து.

"ரெண்டும் வேணும்னு எழுதிடேன்," என்றார் வீட்டுக்காரர், நிலைமையைச் சமாளிக்கப் பார்த்து. "பெரிய கம்பெனிதானே?"

அக்காவின் விரல் ஒரு கணம் தயங்கியது. உண்மையிலேயே ஒரு கணம். ரெண்டும் என்று எழுத அவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

'லேப்டாப்' என்று எழுதினாள். அனுப்பினாள். மூன்று ஐம்பத்தேழு.

அப்புறம் அண்ணனைப் பார்த்தாள். நேராக.

"அண்ணா, உங்க பெட்டியில ஒரு குறையும் இல்லை. திரை பெருசு, எழுத்து பளிச்சுன்னு இருக்கு. ஆனா அது என்னை உட்கார வைக்குது. உட்கார்ந்தா எனக்கு வேலை ஓட மாட்டேங்குது. நான் தம்பிக்காக எழுதலை. உங்களுக்கு எதிராவும் எழுதலை."

"பார்த்தீங்களாண்ணே?" என்று துள்ளினான் தம்பி.

"நீ சும்மா இரு. உன் தலையணையும் பலகையும் எடுத்துட்டுப் போ. தொண்ணூறு டிகிரியாம் தொண்ணூறு டிகிரி! இதை மடியிலயும் வைக்கப் போறதில்லை, மேஜையிலயும் வைக்கப் போறதில்லை."

தம்பியின் துள்ளல் அடங்கியது. அண்ணன் முகம் கோணியது. நன்றாகவே கோணியது. அக்கா அதைப் பார்த்தாள். பிஸ்கட் கொண்டு வரவில்லை, சமாதானம் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் பெட்டியைப் போர்வையில் சுற்றினார். மெதுவாக, மூலை மூலையாக. வாசல் வரை போனார். நின்றார். திரும்பி வந்து அக்காவின் காதருகே குனிந்தார்.

"அந்த சார்ஜர் வயர் ரொம்பக் குட்டை," என்றார் காற்றுக் குரலில். "நாளைக்கு வந்து, நடை நெடுக மூணு இடத்துல பிளக் வெச்சுத் தர்றேன். தம்பிகிட்ட சொல்லாதே."

நாலு இருபதுக்கு மேனேஜர் கூப்பிட்டார். முதலாளி பக்கத்தில் இருக்கிறார் என்பது அவர் குரலில் இருந்த மரியாதையிலேயே தெரிந்தது.

"ஜோடி ஜோடியா பாலத்துல விடறதா? பிரமாதம்மா! முதலாளி கேக்கிறார், இந்த யோசனை கம்ப்யூட்டர் சொல்லிச்சா?"

"இல்ல சார். எங்க அண்ணன் குறுக்கே வந்து நின்னார். அதுல வந்தது."

மேனேஜருக்குப் புரியவில்லை. "சரி, சரி. வீட்ல இருந்தே போடுங்க. திங்கட்கிழமையிலேர்ந்து." பின்னணியில் சடசடவென்று ஒரு சத்தம் கேட்டது. தலையைத் தடவுகிறாரோ என்று அக்கா ஒரு நொடி பயந்தாள். இல்லை, முதலாளி கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு நாத்தனாரிடமிருந்து போன்.

"என்னம்மா, எங்க வீட்டுக்காரர் மனசை நோகடிச்சுட்டியாமே?"

மற்ற நாளாக இருந்தால் அக்கா ஐயையோ அண்ணி, அப்படியெல்லாம் இல்லை அண்ணி என்று ஐந்து நிமிடம் உருகியிருப்பாள்.

"ஆமா அண்ணி," என்றாள். "கொஞ்சம் நோகடிச்சேன்."

மறுமுனையில் நாத்தனார் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நல்லா பண்ணினே போ! இங்க கட்டிலுக்கு அடியில நாலு பெட்டி, பரண்ல ரெண்டு. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. நீ எப்படிச் சொன்னேன்னு சொல்லு, நானும் இன்னைக்குச் சொல்லிப் பார்க்கறேன். இரு இரு, எழுதிக்கறேன்."

அக்கா போனைக் காதில் இடுக்கிக்கொண்டு நடைக்குள் நடக்க ஆரம்பித்தாள்.